வாசலில் சொன்ன வெங்கோ

வீட்டை விட்டு வெளிக்கிடும்போது "போறன்" என்று சொல்லிப் பழகிய வாய் இல்லை எங்களுடையது. முடக்குக் கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் "வாறன்" என்றுதான் சொல்வோம். செத்த வீட்டில் மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போவது. இதைப் பலெர்மோவில் யாருக்கு விளங்கப்படுத்துவது? சிஞ்ஞோரா எர்சிலியாவிடம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், வேலை முடிந்து கைப்பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, எனக்குத் தெரிந்த நாலைந்து இத்தாலியச் சொற்களில் ஒன்றை எடுத்து "வெங்கோ, சிஞ்ஞோரா" என்றேன். வெங்கோ என்றால் வாறன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எங்கே வருகிறாய் என்று கேட்டார். வரவில்லை, வீட்டுக்குப் போகிறேன் என்றேன். அப்படியென்றால் "வாதோ" என்றல்லவா சொல்ல வேண்டும், வாதோ என்றால்தான் போகிறேன், எங்கே சொல்லு பார்ப்போம் என்று எனக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார்.

எழுபது வயது தாண்டி, இதயத்துக்குக் காலையும் மாலையும் குளிசை போடுகிற மனுசியின் வாசலில் நின்று எந்த வாயால் "போறன்" என்று சொல்வது? நான் சொல்லவில்லை. மூன்று வருடமாக லிபெர்த்தா வீதியின் அந்த நாலாம் மாடி வாசலில் நின்று வெங்கோ என்றே சொன்னேன். அவரும் மூன்று வருடமாக உள்ளே இருந்து சிரித்துக்கொண்டே, "வாதோ, நாகா, வாதோ" என்று திருத்தினார். என் பெயர் நாகபூசணி. அது அவருடைய வாய்க்குள் அடங்காததால் பாதியை வெட்டி எறிந்திருந்தார்.

மூன்று வருடம் பிழை என்று திருத்திய சொல்லை, ஒரு நாள் தனக்கு வசதி என்றதும் சரி என்று பிடித்துக்கொண்டாரே, அதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கொதி வரும்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு மார்ச் மாதம். வேலை முடித்து, லிப்ட் கதவு மூடிவிடாமல் ஒரு காலால் தடுத்துக்கொண்டு நிற்கிறேன். உள்ளேயிருந்து சிஞ்ஞோரா ஏதோ கேட்டார். லிப்டின் இரைச்சலில் அயின் ரூமியா என்ற பெயர் மட்டும் காதில் விழுந்தது. அந்தப் பெயர் அந்த வீட்டில் உப்பு, சீனி என்பது போலத்தான். நாளுக்குப் பத்துத் தடவை வரும். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், வழக்கம்போல "வெங்கோ, சிஞ்ஞோரா" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் கட்டடத்து வாயிற்காவலர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். துணிந்த பெண் என்றார். மேலே போனால் மேசையில் தூனிசுக்கு இரண்டு கப்பல் பயணச்சீட்டு. ஒன்று அவருக்கு, மற்றது எனக்கு. நேற்று அவர் கேட்ட கேள்வி, என்னோடு அயின் ரூமியாவுக்கு வருவாயா என்பது. நான் சொன்ன பதில், வாறன்.

அயின் ரூமியா என்பது தூனிசியாவின் தெற்கே, பெரிய உப்பு ஏரிக்கும் அப்பால், பாலைவனத்துக்குள் இருக்கிற ஒரு சோலை. ஒரு ஊற்று, அதைச் சுற்றிப் பேரீச்சை மரங்கள், அவ்வளவுதான். ரோமர் காலத்தில் வடக்கேயிருந்து வந்தவர்கள் பாலைவனத்துக்குள் இறங்கமுதல் கடைசியாகத் தண்ணீர் நிரப்புகிற இடம் அதுவாம். சிஞ்ஞோரா முப்பது வயதில், பழைய கற்களைத் தோண்டப் போன ஒரு கூட்டத்தோடு படம் கீறுகிறவராக அங்கே போயிருந்தார். அப்போது ஊற்றங்கரையில் அவர் கீறிய ஒரு கல்லின் படம் அவர் வீட்டு நடையில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. தினமும் தூசு தட்டுகிறவள் நான். கல்லில் இரண்டு பாதங்கள் வெட்டியிருக்கும். கடதாசியின் மற்றப் பாதி வெறுமையாக இருக்கும்.

அந்தக் கதையையும் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் பயணம் போகிறவர்கள் சாமிக்கு இப்படி நேர்த்தி வைத்துக் கல்லில் இரண்டு சோடிப் பாதம் வெட்டுவார்களாம். ஒரு சோடி போகிற பக்கம் பார்த்து, மற்றச் சோடி திரும்பி வருகிற பக்கம் பார்த்து. சிஞ்ஞோரா போகிற பாதத்தைக் கீறி முடிக்க, வேலைக் காலம் முடிந்துவிட்டது. மற்றப் பாதி மண்ணுக்குள் கிடந்தது. அடுத்த வருடம் வந்து மிச்சத்தைக் கீறுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவர், கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, புருசனையும் அடக்கம் செய்து, நாற்பது வருடம் லிபெர்த்தாவை விட்டு அசையவில்லை. இப்போது ஒற்றைக் காலில் நின்றார். மிலானோவில் இருக்கிற மகனிடம் கேட்டால் "வெதியாமோ, மம்மா" என்பான். பார்ப்போம் என்று அர்த்தம். மருமகளும் வெதியாமோ, வைத்தியரும் வெதியாமோ. வாறன் என்று சொன்ன ஒரே ஆள் நான்தானாம். அதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. எனக்குத் தலை சுற்றியது.

வேறு ஒரு மாதமாக இருந்திருந்தால் சரி என்று போயிருப்பேன். அந்த மாதம் என் மகள் அபிதா வருகிறாள்.

அவளுக்கு மூன்று வயதில் அவளைக் கொக்குவிலில் மச்சாளிடம் விட்டுவிட்டு நான் வெளிக்கிட்டேன். என் கணவர் முன்னமே இங்கே வந்துவிட்டார். ஒரு வருடத்தில் கூப்பிடுவோம் என்றுதான் நினைத்தோம். பிறகு சண்டை, இடப்பெயர்வு, கொழும்பு, பத்திரங்கள், அந்தக் கந்தோர், இந்தக் கந்தோர் என்று ஆறு வருடம் போய்விட்டது. இப்போது ஒருவழியாக விசா கிடைத்து, எங்கள் மேல்மாடியில் இருக்கிற பேசாலை யோசப்பின் அக்கா விடுமுறைக்குக் கொழும்பு போன இடத்தில், திரும்பி வரும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. மாத முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புந்தா ராயிசியில் விமானம் இறங்கும். தொலைபேசியில் சட்டை வேணுமா, பொம்மை வேணுமா என்று நான் அடுக்கிக்கொண்டு போக, அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நீங்கள் அங்கை நிப்பீங்களோ?"

நிப்பன் என்றேன்.

அவருக்கு, அதாவது என் கணவர் சிவபாலனுக்கு, கப்பல் விசயத்தைச் சொன்னேன். வியா மக்வேதாவுக்குப் பக்கத்தில் ஒரு உணவுக்கடையில் பின்னேரத்தில் இருந்து கோப்பை கழுவுகிறவர். வேலைக்குப் போக வெளிக்கிட்டு நின்றவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"உமக்கு என்ன விசரோ? பிள்ளை வாற நேரத்திலை பாலைவனம் பார்க்கப் போறீரோ?"

நானா போகிறேன் என்றேன்? என் நாக்கல்லவா போகிறது. ஆனாலும் பிள்ளையைக் கூப்பிடுவதற்கான பத்திரங்களில் கையெழுத்து வைத்தது அந்த மனுசி. என் பக்கம் நின்று ஒவ்வொரு கந்தோரிலும் சத்தம் போட்டதும் அவர்தான். அதை நினைத்தால் முகத்தை முறிக்கவும் முடியவில்லை. என் கணவருக்கும் அது தெரியும். கடைசியில் கூரையைப் பார்த்துக்கொண்டு, சனிக்கிழமை திரும்பிவிடுவீரோ என்று மட்டும் கேட்டார்.

சிஞ்ஞோரா கணக்கை விரித்துக் காட்டினார். இந்தச் சனி கப்பலேறினால் அடுத்த வெள்ளி தூனிசில் திரும்பக் கப்பல், சனி காலை பலெர்மோ, பிள்ளை வருவது ஞாயிறு, இதில் என்ன கரைச்சல்? இங்கே தங்குவதற்கான என் அனுமதிப் பத்திரம், அந்தப் பெர்மெஸ்ஸோவாவது ஏதாவது இழுபறியில் கிடந்தால் அதைச் சாட்டாகச் சொல்லியிருப்பேன். வருடக்கணக்காக என்னைக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலில் காய வைத்த அதே பெர்மெஸ்ஸோ, வேண்டாத நேரத்தில் புத்தம்புதிதாக, பிழை ஒன்றும் இல்லாமல் இருந்தது. விசாவுக்கு அவரே என்னை இழுத்துக்கொண்டு போனார். மூன்று நாளில் குத்திக் கொடுத்தார்கள். எனக்கு எந்த நாட்டு விசாவும் அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில்லை.

கப்பலில் நான் சத்தி எடுத்தேன். சிஞ்ஞோரா தளத்தில் நின்று கோப்பி குடித்தார். தூனிசில் ஒரு நாள் ஓய்வு என்றார். ஓய்வு எடுத்தது அவர். அவருடைய குளிசைப் பெட்டியைக் கப்பலிலேயே விட்டுவிட்டதால் மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்தது நான். பிறகு தெற்கே தோசூர் என்ற பட்டினத்துக்கு நாள் முழுக்க பஸ். அங்கிருந்து ஹெடி என்ற ஒருவனின் ஜீப். உப்பு ஏரிக்குக் குறுக்கே போகிற வீதியில் இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நான் தமிழில் சொன்னேன். ஹெடி என்னைப் பார்த்துத் தலையாட்டினான். அவனுக்கு அது விளங்கியிருக்க வேண்டும்.

அயின் ரூமியாவைக் கண்டதும் சிஞ்ஞோரா ஜீப்பை நிற்பாட்டச் சொன்னார். இது இல்லை என்றார். ஹெடி இதுதான் என்றான். இது இல்லவே இல்லை என்றார். அவர் கீறிக்கொண்டு வந்த ஊர் மண்செங்கல் வீடுகளோடு மேட்டில் இருந்தது. இங்கே கீழே சீமெந்துக் கல் வீடுகள், கூரைக்குக் கூரை டிஷ் அன்ரெனா, ஒரு பள்ளிக்கூடம், கால்பந்து விளையாடுகிற பிள்ளைகள். முன்பு ஒரு காலம் அடித்த மழையில் பழைய ஊர் கரைந்துபோய், சனம் எல்லாம் கீழே வந்துவிட்டார்களாம். தன்னைக் கேட்காமல் இடம் மாறிவிட்டார்கள் என்பது போல சிஞ்ஞோரா முகத்தை வைத்துக்கொண்டார்.

ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது. பேரீச்சைத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் வெயில் அப்படியே வெளியில் நின்றுவிட்டது. உயரத்தில் பேரீச்சை, அதன் நிழலில் மாதுளை, அதன் நிழலில் கொத்தமல்லியும் அவரையும். நடுவில் சின்ன வாய்க்கால்களில் தண்ணீர் ஒருத்தரையும் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாயிரம் வருடமாக இதே தண்ணீரைத்தான் முறை வைத்துப் பிரிக்கிறார்களாம். ஊர் ஞாபகம் வந்ததா என்று பிறகு யோசப்பின் அக்கா கேட்டார். வரவில்லை. கால் உளைவுதான் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலுக்குள் காலை வைத்தேன். சில்லென்றது. அந்த ஒரு நிமிடம் மட்டும் எனக்கு ஒருவர் மேலும் கோபம் இருக்கவில்லை.

கல் இருந்தது. ஊற்றங்கரையில் பெண்கள் துணி தோய்க்கிற இடத்தில், சவர்க்கார நுரைக்கு நடுவில் கிடந்தது. சிஞ்ஞோரா முழங்காலில் இருந்து, கைக்குட்டையால் அதைத் துடைத்தார். நான் தூசு தட்டுகிற அதே இரண்டு பாதம். விரல்கள் தேய்ந்து, குதி மட்டும் ஆழமாக, பாலைவனத்தைப் பார்த்தபடி. ஆனால் கல்லின் மற்றப் பக்கம் இல்லை. அந்த இடத்தில் கல் உடைந்து, உடைந்த விளிம்பும் வழவழப்பாகிவிட்டது. துணி தோய்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் ஹெடி விசாரித்தான். யாரோ எப்போதோ வீடு கட்ட எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள், மேட்டில் எந்தச் சுவரிலாவது இருக்கும் என்று அவள் கையை அசைத்துவிட்டு மீண்டும் தோய்க்கத் தொடங்கினாள்.

நான் மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன். வந்தாயிற்று, பார்த்தாயிற்று, விடிய ஜீப், பின்னேரம் தோசூரில் பஸ், அடுத்த நாள் கப்பல். அன்று இரவு ஹெடியின் சித்தி வீட்டில் படுத்தோம். அவ கூஸ்கூஸ் தந்தா. இதுவரை எல்லாம் சரியாக நடக்கிறதே என்று நினைத்ததுதான் நான் விட்ட பிழை.

காலையில் எழும்பினால் சிஞ்ஞோராவின் பாயில் ஆள் இல்லை.

தோட்டத்தில் இல்லை. ஊற்றடியில் இல்லை. ஜீப்பில் ஏறியிருந்த ஹெடி ஹோர்ன் அடிக்கிறான். கடைசியில் மேட்டில், கரைந்துபோன பழைய ஊருக்குள், கூரையில்லாத ஒரு வீட்டின் உள்ளே, அந்த வயதான மனுசி முழங்காலில் தவழ்ந்துகொண்டு சுவரின் அடிக் கற்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார். தலை முழுக்க மண். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியாது.

நேரமாகிவிட்டது, எழும்புங்கோ என்றேன். இன்னும் நிறைய வீடு இருக்கிறது என்றார். பஸ் போய்விடும் என்றேன். அடுத்த கிழமைக் கப்பலில் போகலாம் என்றார், முகத்தைக் கூடத் திருப்பாமல். உன் மகளைக் கூட்டிக்கொண்டு வரத்தான் உன் புருசன் இருக்கிறாரே, நீ தலைகீழாக நின்றாலும் விமானம் அந்த நேரத்துக்குத்தான் இறங்கும், பிள்ளை எங்கே ஓடிவிடப் போகிறாள் என்றார்.

கீழே ஹோர்ன் திரும்பவும் கேட்டது. எனக்கு இத்தாலியன் ஒழுங்காக வராது. கோபம் வந்தால் நேற்று, நாளை எல்லாம் ஒன்றாகிவிடும். அதோடேயே கத்தினேன்.

"நான் வருகிறேன் என்று உங்களுக்குச் சொல்லவே இல்லை. அன்றைக்கு வாசலில் நான் சொன்னது போகிறேன் என்று. நாங்கள் போகும்போது வாறன் என்றுதான் சொல்வது. மூன்று வருடமாகத் தினமும் சொன்னேன். நீங்கள் தினமும் திருத்தினீர்கள். உங்கள் கேள்வி என் காதில் விழவே இல்லை."

அவர் சுவரில் இருந்து கையை எடுத்தார். திரும்பி என்னைப் பார்த்தார். அதிர்ந்துபோவார் என்று நினைத்தேன். அதிரவில்லை.

"தெரியும்," என்றார். "அதனால்தான் நீ வாசலுக்குப் போகும் வரைக்கும் காத்திருந்து கேட்டேன்."

மற்ற எல்லாரும் வெதியாமோ என்கிறார்கள், அந்த ஒரு சொல்லை யாரிடமாவது கேட்க வேண்டும் போல இருந்தது, நீ எப்படியும் அதைத்தான் சொல்வாய் என்று தெரியும் என்றார். சொல்லிவிட்டு, பிடிபட்ட பிள்ளை போலக் கீழே பார்த்து விரலில் இருந்த மண்ணைத் தட்டினார். அடிக்கவா, அணைக்கவா? இரண்டுமே செய்யவில்லை. பக்கத்தில் கிடந்த கல்லில் இருந்தேன். கத்த முடியவில்லை, சத்தம் இறங்கிவிட்டது.

"என் மகளுக்கும் இதே சொல்லைத்தான் சொன்னேன்," என்றேன். "அவளுக்கு மூன்று வயது. வாசலில் நின்று வாறன் என்றேன். அவள் நான் கடைக்குப் போகிறேன் என்று நினைத்துக் கைகாட்டினாள். ஆறு வருடம். உங்களுக்கு அந்தக் கல்லின் மற்றப் பாதி வேண்டும், சிஞ்ஞோரா. அவளுக்கும் அதுதான் வேண்டும்."

கூரையில்லாத அந்த வீட்டுக்குள் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் தடவாத சுவர் மூன்று மிச்சம் இருந்தது. அவற்றை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"என்னைத் தூக்கிவிடு."

மேட்டில் இருந்து இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அதற்காக அவர் மேல் எனக்கு வந்த அன்பை அப்போது நான் வெளியில் காட்டவில்லை, ஏனென்றால் கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. ஹெடி வாகனம் ஓட்டிய விதத்தில் அந்தக் கோபமும் பயமாகி, தோசூரில் பஸ் வெளிக்கிடுகிற நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தோம். பஸ்ஸில் பாதி வழி வரைக்கும் சிஞ்ஞோரா முகத்தை நீட்டிக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். பிறகு, அந்தச் சொல்லை உங்கள் மொழியில் ஒழுங்காக எப்படிச் சொல்வது என்று கேட்டார். போட்டு வாறன் என்றேன். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லுக்குச் சொல் விளங்கப்படுத்தினேன்.

"இரண்டு சோடிக் காலும் இருக்கிறதே," என்றார். கொஞ்சம் பொறுத்து, "மூன்று வருடமாக உன்னைப் பிழையாகத் திருத்தியிருக்கிறேன்," என்றார்.

ஓம் என்றேன். மறுத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை புந்தா ராயிசியில் விமானம் தாமதம். இவ்வளவு பாடுபட்டு நேரத்துக்கு வந்தால் அது தாமதம். என் கணவர் ஒரு பக்கம் நடக்கிறார், நான் ஒரு பக்கம் நடக்கிறேன். சிஞ்ஞோராவும் வந்திருந்தார். வரவேண்டாம் என்று சொல்லியும், கையில் ஒரு பெரிய சொக்கலேற் பெட்டியோடு வந்து கதிரையில் இருந்தார். கடைசியில் கண்ணாடிக் கதவு திறந்து யோசப்பின் அக்காவின் வண்டில் தெரிந்தது. பக்கத்தில் யாரோ கொடுத்த பெரிய ஸ்வெற்றருக்குள் ஒரு பிள்ளை. படத்தில் பார்த்ததை விட உயரம். முன்பல் ஒன்று சரிந்திருந்தது. அதை எந்தப் படத்திலும் நான் காணவில்லை. படங்களில் அவள் வாயை மூடிக்கொண்டல்லவா நின்றிருக்கிறாள்.

என்ன சொல்வது என்று கிழமைக்கணக்காக யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோனது. கிட்ட வந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். தகப்பனைப் பார்த்தாள். திரும்பவும் என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தானாம் போனனீங்கள்," என்றாள். "கடைசியிலை நான்தானே வந்தனான்."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஊர் உலகம் பார்க்க அழுதேன். அவள் கையை இரண்டு பக்கமும் தொங்கவிட்டபடி நின்றாள். யோசப்பின் அக்கா, பிள்ளைக்குக் களைப்பு, வீட்டுக்குப் போவம் என்று என் முதுகைத் தடவினார். பிள்ளை என்ன சொன்னாள் என்று சிஞ்ஞோரா கேட்டார். சொன்னேன். அவர் சொக்கலேற் பெட்டியை யோசப்பின் அக்காவின் வண்டிலில் வைத்துவிட்டு, வெளியே போய் டாக்சி பிடித்தார். அன்றைக்கு அவர் யாருக்கும் வாதோ கூடச் சொல்லவில்லை.

அடுத்த நாள் எனக்கு வேலை. லீவு கேட்டிருக்கலாம், ஒரு கிழமை கப்பலிலும் பஸ்ஸிலும் கழித்துவிட்டு வந்தவளுக்கு வாய் வரவில்லை. போர்கோ வெக்கியோவில் எங்களுடையது ஒரே ஒரு அறையும் குசினியும். வேலை முடித்து விடியத்தான் வந்து படுத்த அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அபிதாவும் நித்திரை என்று நினைத்து, சத்தமில்லாமல் சப்பாத்தை மாட்டிக் கதவைத் திறந்தேன். கதவைத் திறந்ததும் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"வாறன்."

கட்டிலில் போர்வைக்குள் இருந்து குரல் வந்தது.

"எத்தினை மணிக்கு?"

என் வாழ்க்கையில் அந்தச் சொல்லுக்கு யாரும் அப்படிக் கேட்டதில்லை. வாறன் என்றால், சரி வாங்கோ என்பார்கள். அதோடு முடிந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒரு மணிக்கு," என்றேன்.

அன்று சிஞ்ஞோரா வீட்டில் கையில் எடுத்ததெல்லாம் பிழையாகப் போனது. பாஸ்தா அவிந்து கூழானது. பாதி நிலம் துடைக்காமல் கிடந்தது. அவர் மணிக்கூட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பன்னிரண்டரைக்கு முன்னமே, மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம், ஓடு என்றார். வெங்கோ சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. அவர் திருத்தவில்லை. வழியில் எல்லாச் சந்தியிலும் வாகனம். போர்கோ வெக்கியோச் சந்தைக்குள் தக்காளிப் பெட்டிகளைத் தாண்டித் தாண்டி, யாரோ ஏச ஏச ஓடினேன். படியில் ஏறும்போது தேவாலய மணிக்கூடு ஒரு மணி அடித்தது.

கதவு திறந்திருந்தது. அபிதா கதிரையை வாசலுக்கு இழுத்துப் போட்டு, அந்தப் பெரிய ஸ்வெற்றரோடும் சப்பாத்தோடும், ஊரிலிருந்து கொண்டுவந்த பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"வந்திட்டன்," என்றேன், மூச்சு வாங்கியபடி.

திரும்பிச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகுதான் குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள்.